கோளாறான இன்ஜின் பாகம்: சோதித்துப் பார்ப்பதா, பிரித்து மாட்டுவதா, கெடு வைத்து மொத்தமாக மாற்ற வைப்பதா?

2019 அக்டோபர் கடைசியில் இண்டிகோவின் ஏ320 நியோ விமானங்களில் ஒரே வாரத்துக்குள் நான்கு இன்ஜின் கோளாறுகள் அடுத்தடுத்து வந்தன. எல்லாமே பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் பிடபிள்யூ1100ஜி இன்ஜின்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, எல்லா விமானங்களும் பத்திரமாகத் தரையிறங்கின. ஆனாலும் நவம்பர் 1ஆம் தேதி இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ ஒரு கறாரான உத்தரவு போட்டது. இண்டிகோவின் 97 நியோ விமானங்களிலும் பழைய வகை டர்பைன் பிளேடு உள்ள இன்ஜின்களை 2020 ஜனவரி 31க்குள் மாற்றியாக வேண்டும், மாற்றாத விமானம் பறக்கக் கூடாது என்பதுதான் அது.

ஒரு இன்ஜின் நின்றாலும் விமானம் பறக்கும், அப்படித்தானே வடிவமைத்திருக்கிறார்கள், பிறகு ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்பவர்கள் இன்றைக்கும் உண்டு. நியாயமான கேள்விதான். டிஜிசிஏ முன்னால் வேறு வழிகளும் இருந்தன, உலகத்தில் மற்ற இடங்களில் மற்ற கட்டுப்பாட்டு அமைப்புகள் அந்த வழிகளை எடுத்தும் இருக்கின்றன. எந்த வழி எப்போது சரி என்பதை உண்மையில் நடந்த சம்பவங்களை வைத்தே ஒப்பிட்டுப் பார்க்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குறை பாகத்தின் உலோகத்திலோ வடிவமைப்பிலோ இருந்தால், கெடு வைத்துக் கட்டாயமாக மாற்ற வைப்பதுதான் சரி. ஆனால் அந்தக் கெடு வரும் வரைக்கும் ஒரே விமானத்தில் இரண்டு பழைய இன்ஜின்கள் இருக்கவே கூடாது. இந்த இரண்டாவது பாதியைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

முதலில் பாகம் என்ன என்று பார்த்துவிடுவோம். இந்த இன்ஜினில் முன்னால் இருக்கும் பெரிய விசிறிக்கும் பின்னால் சூடான வாயுவால் சுழலும் குறைந்த அழுத்த டர்பைனுக்கும் நடுவே ஒரு கியர் பெட்டி இருக்கிறது. அதனால் விசிறி மெதுவாகவும் டர்பைன் வேகமாகவும் அவரவர்க்கு ஏற்ற வேகத்தில் சுற்றலாம், எரிபொருளும் கணிசமாக மிச்சமாகும். ஆனால் டர்பைன் அவ்வளவு வேகமாகச் சுற்றும்போது பிளேடுகள் லேசாக இருந்தால் நல்லது. இந்தக் குறைந்த அழுத்த டர்பைனில் மூன்று வரிசைப் பிளேடுகள் உண்டு. மூன்றாவது, அதாவது கடைசி வரிசைக்கு டைட்டானியம் அலுமினைடு என்ற பொருளைப் பயன்படுத்தினார்கள். எடை குறைவு, சூட்டையும் தாங்கும், ஆனால் சாதாரண உலோகம் போல வளைந்து கொடுக்காது, நொறுங்கும் தன்மை அதிகம். அந்த வரிசையில் ஒரு பிளேடு முறிந்தால் துண்டுகள் பக்கத்துப் பிளேடுகளையும் அடித்துச் சிதைக்கும், இன்ஜின் பயங்கரமாக அதிரும், விமானி அதை அணைக்க வேண்டி வரும். இதற்கு மாற்றாக வந்தது நிக்கல் கலப்பு உலோகத்தில் செய்த, கனம் கூடிய, அடி தாங்குகிற பிளேடு.

ஆக, மாற்றுப் பாகம் கையில் இருந்தது. கேள்வியெல்லாம் எவ்வளவு வேகமாக மாற்றுவது, அதுவரைக்கும் என்ன செய்வது என்பதுதான்.

இருப்பதிலேயே மென்மையான வழி, தயாரிப்பாளரின் சர்வீஸ் புல்லட்டினோடு விட்டுவிடுவது. இன்ன பாகத்தை இத்தனை மணி நேரத்துக்குள் பாருங்கள், மாற்றுங்கள் என்று இன்ஜின் நிறுவனம் எழுதும், விமான நிறுவனங்கள் தங்கள் வசதிக்கு ஏற்பச் செய்துகொள்ளும். அரசு அமைப்பு வான்தகுதி ஆணை பிறப்பித்தால்தான் அது சட்டமாகும். அதுவரைக்கும் அது பரிந்துரைதான். பெரும்பாலான சின்னச் சின்ன விஷயங்களுக்கு இதுவே போதும், எல்லாவற்றுக்கும் ஆணை போட்டுக்கொண்டிருந்தால் பராமரிப்புப் பொறியாளர்களுக்கு எது அவசரம் என்பதே தெரியாமல் போய்விடும்.

ஆனால் பெரிய விஷயத்தில் இந்த வழி என்ன செய்யும் என்பதற்கு சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் சம்பவம் இருக்கிறது. 2016 ஆகஸ்ட் 27 அன்று நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஆர்லாண்டோ கிளம்பிய அவர்களுடைய போயிங் 737 ஒன்றில், சிஎஃப்எம்56 இன்ஜினின் விசிறி பிளேடு அடிப்பகுதியில் விரிசல் விட்டு முறிந்தது. இன்ஜினின் முன்கூடு கிழிந்து பறந்தது, விமானம் பென்சகோலாவில் இறங்கியது. அடுத்த ஆண்டு தயாரிப்பாளர் புல்லட்டின் விட்டார்கள். ஆகஸ்டில் அமெரிக்காவின் விமானக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்ஏஏ ஓர் ஆணையை முன்மொழிந்து கருத்துக் கேட்டது. விமான நிறுவனங்கள் இன்னும் கால அவகாசம் கேட்டன. கருத்துக் கேட்பு, பரிசீலனை என்று மாதங்கள் ஓடின. 2018 ஏப்ரல் 17 அன்று, முன்மொழிந்த ஆணை இறுதியாகும் முன்பே, அதே நிறுவனத்தின் 1380ஆம் எண் விமானத்தில் அதே வகை இன்ஜினில் அதே மாதிரி ஒரு பிளேடு முறிந்தது. கூட்டிலிருந்து பிய்ந்த ஒரு துண்டு ஜன்னலை உடைத்தது, அந்த ஜன்னலோரம் இருந்த பயணி உயிரிழந்தார். விமானி டாமி ஜோ ஷல்ட்ஸ் விமானத்தை பிலடெல்பியாவில் இறக்கி மற்றவர்களைக் காப்பாற்றினார். மூன்றே நாளில், ஏப்ரல் 20ஆம் தேதி, அவசர ஆணை வந்தது: 30,000 சைக்கிளுக்கு மேல் ஓடிய இன்ஜின்களின் விசிறி பிளேடுகளை 20 நாளுக்குள் அல்ட்ராசவுண்டு வைத்துச் சோதிக்க வேண்டும். ஒரு முறை கிளம்பி ஒரு முறை இறங்குவதை ஒரு சைக்கிள் என்று கணக்கு வைப்பார்கள்.

மூன்று நாளில் போட முடிந்த ஆணையை எட்டு மாதமாகப் போடவில்லை. எஃப்ஏஏவில் இருந்தவர்கள் அலட்சியமானவர்கள் என்று சொல்ல வரவில்லை. 2016இல் நடந்தது ஒற்றைச் சம்பவம், உயிர்ச்சேதம் இல்லை, கோடிக்கணக்கான மணி நேரம் பறந்த நம்பகமான இன்ஜின் அது. அந்த நேரத்தில் அங்கே உட்கார்ந்திருக்கிறவருக்கு அவகாசம் கொடுப்பது நியாயமாகவே தெரிந்திருக்கும். பரிந்துரை என்ற வழியின் ஆபத்தே இதுதான், அடுத்த சம்பவம் நடக்கும் வரைக்கும் அது நியாயமாகத்தான் தெரியும்.

அடுத்த வழி சோதனை. பாகத்தைக் கழற்றிப் போடாமல் குறிப்பிட்ட இடைவெளியில் பார்த்துக்கொண்டே இருப்பது, விரிசல் தெரிந்தால் மட்டும் மாற்றுவது. செலவு குறைவு, விமானமும் பறந்துகொண்டே இருக்கும். மேலே சொன்ன விசிறி பிளேடுக்கு இது பொருத்தமான வழிதான், ஏனென்றால் விசிறி இன்ஜினின் முகப்பிலேயே இருக்கிறது, இறக்கையிலிருந்து இன்ஜினை இறக்காமலே அதைச் சோதிக்க முடியும், விரிசலும் பல ஆயிரம் சைக்கிளில் மெதுவாக வளர்வது. எஃப்ஏஏ முதலில் 3,000 சைக்கிளுக்கு ஒருமுறை என்று வைத்த மறு சோதனையைப் பிறகு 1,600 ஆகக் குறைத்தது. இது ஒழுங்காக வேலை செய்கிற ஏற்பாடு.

ஆனால் சோதனை என்பது சோதிக்கும் முறை எவ்வளவு கூர்மையோ அவ்வளவுதான். 1380இல் முறிந்த அந்தப் பிளேடை 2012இல் பணிமனையில் கழற்றி, ஒளிரும் சாயம் பூசிப் பார்க்கும் பழைய முறையில் சோதித்திருந்தார்கள். விரிசல் அப்போதே இருந்திருக்க வேண்டும், கண்ணுக்குச் சிக்கவில்லை என்று விசாரணை சொன்னது. 1380க்கு ஏறத்தாழ முப்பது வருடம் முன்பு, 1989 ஜூலை 19 அன்று, யுனைடெட் 232 விமானத்தின் வால் பகுதி இன்ஜினில் பிளேடுகளைத் தாங்கும் சக்கரமான விசிறி டிஸ்க் வெடித்ததே, அங்கேயும் கதை இதுதான். டைட்டானியத்தை உருக்கி வார்க்கும்போதே உள்ளே புகுந்த ஒரு சின்னக் குறையிலிருந்து கிளம்பிய விரிசல், நிறுவனத்தின் சோதனையில் சிக்காமல் தப்பியது. தெறித்த துண்டுகள் விமானத்தைக் கட்டுப்படுத்தும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் செயலிழக்கச் செய்தன. சூ சிட்டியில் விழுந்து நொறுங்கிய அந்த விமானத்தில் 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சொல்லாமல் போக முடியாது. பிளேடு முறிவதும் டிஸ்க் வெடிப்பதும் ஒன்றல்ல. ஒரு பிளேடு முறிந்தால் அதை வெளியே விடாமல் பிடித்து நிறுத்தும் அளவுக்கு இன்ஜின் உறை வலுவாக இருக்க வேண்டும் என்பது சான்றிதழ் விதி. (சவுத்வெஸ்டில் உயிர் பறித்தது பிளேடு அல்ல, அது அடித்ததால் பிய்ந்த விசிறிக் கூட்டின் துண்டு.) டிஸ்க் அப்படியல்ல. அத்தனை பிளேடுகளையும் தாங்கிச் சுழலும் அந்தக் கனமான சக்கரம் உடைந்தால் அதைத் தடுத்து நிறுத்தும் உறையை இதுவரை யாரும் பறக்கக்கூடிய எடையில் செய்யவில்லை. 2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய குவான்டாஸ் ஏ380 விமானத்தில் ஒரு எண்ணெய்க் குழாயின் செய்நேர்த்திக் குறையால் தீப்பிடித்து டர்பைன் டிஸ்க் வெடித்தபோது, அது இறக்கையையே துளைத்துக்கொண்டு போனது. ஆகவே குறை டிஸ்கில் என்றால் சோதித்துப் பார்த்துக்கொண்டே ஓட்டலாம் என்ற பேச்சுக்கு இடம் மிகக் குறைவு. பிளேடில் என்றால் கொஞ்சம் யோசிக்க நேரம் இருக்கிறது.

அப்படியானால் இண்டிகோவின் டர்பைன் பிளேடுகளையும் சோதித்துக்கொண்டே ஓட்டியிருக்கலாமே? போர்ஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறதே? இருக்கிறது, ஆனால் நொறுங்கும் தன்மையுள்ள பொருளில் விரிசல் மெதுவாக, சொல்லிவைத்த மாதிரி வளராது. இன்று பார்த்தபோது நன்றாக இருந்தது என்பது அடுத்த சோதனை வரைக்கும் நன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. விரிசல் தெரியத் தொடங்குவதற்கும் பாகம் முறிவதற்கும் நடுவே போதுமான காலம் இருந்தால் மட்டுமே சோதனை என்பது ஒரு தேர்வு. அந்தக் காலம் இல்லாத இடத்தில் சோதித்துக்கொண்டிருப்பதால் ஆபத்து குறைவதில்லை.

மூன்றாவது வழி ஓட்டும் விதத்தை மாற்றுவது. நியோ கோளாறுகள் விமானம் மேலே ஏறும்போது, இன்ஜின் முழு மூச்சில் உழைக்கும் நேரத்தில் அதிகம் வந்தன. அதனால் ஏறும்போது உந்துவிசையைக் குறைத்து வைக்கும் முறையைப் பின்பற்றச் சொன்னார்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பாகத்தின் சுமையைக் குறைக்கிறது, செலவே இல்லை, நாளைக் காலையிலிருந்தே செய்யலாம். நல்லதுதான், ஆனால் இது வலி மாத்திரை, சிகிச்சை இல்லை.

இந்த வழியின் எல்லையைக் காட்டும் சம்பவம் லண்டனில் நடந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் வாதத்தின் மையமே அங்கேதான் இருக்கிறது. 2008 ஜனவரி 17, பெய்ஜிங்கிலிருந்து வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 38, போயிங் 777, ஹீத்ரோவில் இறங்க இன்னும் கொஞ்ச தூரமே இருக்கும்போது விமானம் கூடுதல் உந்துவிசை கேட்டது. முதலில் ஒரு இன்ஜின் கொடுக்க மறுத்தது. சில நொடியில் இன்னொன்றும் மறுத்தது. ஓடுபாதைக்கு முன்னாலேயே புல்வெளியில் விழுந்தது, 152 பேரும் உயிர் பிழைத்தார்கள். நெடுநேரக் கடுங்குளிரில் எரிபொருளில் இருந்த சிறு நீர்த்துளிகள் பனிக்கட்டியாகிக் குழாய்களில் படிந்து, ஒரு கட்டத்தில் மொத்தமாகக் கிளம்பி வந்து, ரோல்ஸ் ராய்ஸ் ட்ரென்ட் 800 இன்ஜினின் எரிபொருள் சூடேற்றும் பாகத்தின் முகத்தை அடைத்துக்கொண்டன என்று விசாரணையில் தெரிந்தது. அந்தப் பாகத்தின் முகப்பில் சின்னச் சின்னக் குழாய்கள் லேசாக வெளியே துருத்திக்கொண்டிருந்தன, பனிக்கு அது நல்ல பிடிமானம். முதலில் விமானிகளுக்கு நடைமுறை மாற்றங்கள் சொன்னார்கள். 2008 நவம்பரிலேயே அமெரிக்காவின் டெல்டா நிறுவனத்தின் 777 ஒன்றில் அதே வகை இன்ஜின் ஒன்றில் அதே அடைப்பு வந்தது. நடைமுறை மாற்றம் மட்டும் போதாது, பாகத்தையே மாற்ற வேண்டும் என்று அமெரிக்க விசாரணை அமைப்பு வலியுறுத்தியது. துருத்தல் இல்லாத புதிய பாகத்தை 2011 ஜனவரி 1க்குள் போட்டாக வேண்டும் என்று ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை, இயாசா, கெடு வைத்தது.

இந்தச் சம்பவத்தில் மறக்கவே கூடாத விஷயம் பனிக்கட்டி அல்ல. இரண்டு இன்ஜினும் நொடிகளுக்குள் ஒரே காரணத்தால் தோற்றன என்பதுதான். இரண்டு இன்ஜின் விமானம் பாதுகாப்பானது என்று நாம் நம்புவதன் அடிப்படைக் கணக்கு என்ன? ஒன்று கெடுவதற்கும் மற்றொன்று கெடுவதற்கும் சம்பந்தம் இல்லை என்பது. ஒன்று கெடும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்று என்றால், இரண்டும் ஒரே பயணத்தில் கெடும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்றின் லட்சத்தில் ஒன்று. காகிதத்தில் அழகான எண். ஆனால் இரண்டிலும் ஒரே குறை இருக்கிறது, இரண்டும் ஒரே நாளில் மாட்டியவை, ஒரே மாதிரி சூடேறி, ஒரே அளவு பறந்தவை என்றால் அந்தப் பெருக்கல் செல்லாது. இரண்டாவது இன்ஜின் அப்போது உண்மையான மாற்று இல்லை. ஆகவே ஒரு இன்ஜின் போனாலும் பறக்கலாமே என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: அந்த மற்ற இன்ஜினைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?

இந்தக் கேள்வியிலிருந்துதான் நான்காவது வழி பிறக்கிறது, பிரித்து மாட்டுவது. 2019 அக்டோபர் 28 அன்று, பெரிய உத்தரவுக்குச் சில நாள் முன்னால், டிஜிசிஏ செய்தது இதைத்தான். இரண்டு இன்ஜின்களுமே 2,900 மணி நேரத்துக்கு மேல் ஓடிய 16 விமானங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு இன்ஜினையாவது 15 நாளுக்குள் மாற்றச் சொன்னது. முதல் பார்வைக்கு அரைகுறை வேலை போலத் தெரியும். பழையது ஒன்று இன்னும் தொங்கிக்கொண்டுதானே இருக்கிறது? ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்களிடம் 16 நல்ல இன்ஜின்கள்தான் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றை எட்டு விமானத்தில் ஜோடியாக மாட்டினால் மற்ற எட்டும் இரண்டு பழைய இன்ஜினோடு பறக்கும். 16 விமானத்தில் ஒவ்வொன்றாக மாட்டினால் இரட்டைப் பழசு ஒன்றுகூட இருக்காது. எண்ணிக்கை அதேதான், பெரிய ஆபத்து ஏறக்குறைய காணாமலே போகிறது. கையிருப்பு குறைவாக இருக்கும்போது இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை. இதன் குறை ஒன்றே ஒன்றுதான்: இது ஓர் இடைக்கால ஏற்பாடு என்பதை எல்லோரும் சீக்கிரம் மறந்துவிடுவார்கள். ஒரு புதியது ஒரு பழையது என்ற நிலை வசதியாகப் பழகிவிடும், அதனால்தான் கூடவே தேதி வேண்டும்.

ஐந்தாவது, உடனடியாகத் தரையில் நிறுத்துவது. இதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2018 பிப்ரவரியில் இதே பிடபிள்யூ1100ஜி குடும்பத்தில் வேறொரு பாகத்தில் சிக்கல், காற்றை அழுத்தும் உயர் அழுத்தக் கம்ப்ரசரின் பின்பக்கத்தில், காற்று கசியாமல் தடுக்கும் முத்திரை (சீல்). வரிசை எண் 450க்குப் பிறகு வந்த இன்ஜின்களில் மட்டும் அந்தப் பிரச்சினை. இயாசா அவசர ஆணை போட்டது: இரண்டு இன்ஜினும் அந்த வகை என்றால் மூன்று பயணத்துக்கு மேல் பறக்கக் கூடாது, ஒன்றுதான் அந்த வகை என்றால் பறக்கலாம், ஆனால் கடலைத் தாண்டும் நீண்ட தூரப் பயணம் கூடாது. அதாவது பிரித்து வைத்தால் போதும் என்ற கொள்கை. மார்ச் 12 அன்று அகமதாபாத்திலிருந்து லக்னோ கிளம்பிய இண்டிகோ விமானம் ஒன்று இன்ஜின் நின்று திரும்பி வந்தது. அன்றைக்கே டிஜிசிஏ ஒரு படி மேலே போய், அந்த வகை இன்ஜின் ஒன்று இருந்தாலும் விமானம் பறக்கக் கூடாது என்று இண்டிகோவின் எட்டு, கோஏரின் மூன்று, ஆக 11 விமானங்களைத் தரையில் நிறுத்தியது.

ஐரோப்பாவைவிட நாம் கூடுதலாகப் பயந்துவிட்டோமா? நான் அப்படி நினைக்கவில்லை. 11 விமானம் என்பது சமாளிக்கக்கூடிய எண், சிக்கல் ஒரு குறிப்பிட்ட வரிசை எண்ணுக்குள் அடங்கியது, பழைய வடிவப் பாகம் ஏற்கெனவே நிரூபணமாகி இருந்தது. நிறுத்துவதால் வரும் இழப்பு தெளிவாகத் தெரிந்தது, நிறுத்தாததால் வரும் இழப்பு யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட நேரத்தில் நிறுத்துவதுதான் சரி. ஆனால் இதே வழியை 2019 நவம்பரில் எடுத்திருந்தால் ஒரே இரவில் தொண்ணூற்றுச் சொச்சம் விமானங்கள் நின்றிருக்கும். அந்தப் பயணிகள் எல்லாம் வீட்டிலேயே இருந்துவிட மாட்டார்கள், கணிசமான பேர் இரவோடு இரவாக நெடுஞ்சாலையில் பேருந்திலும் காரிலும் போவார்கள். நம் சாலைகளில் அது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே முற்றிலும் நிறுத்துவது எப்போதும் ஆகப் பாதுகாப்பான தேர்வு என்ற எண்ணமும் சரியல்ல.

2018 முத்திரைச் சிக்கலில் இன்னொரு பாடமும் இருக்கிறது, கட்டாய மாற்றத்தை ஆதரிக்கும் என்னைப் போன்றவர்கள் அதை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். அந்த முத்திரையே ஒரு மேம்பாடாகக் கொண்டுவரப்பட்டதுதான்! ஆயுள் கூட வேண்டும் என்று வடிவத்தை மாற்றினார்கள், மாற்றியதே கோளாறானது, கடைசியில் பழைய வடிவத்துக்கே திரும்பினார்கள். ஆகவே புதிய பாகம் என்பதாலேயே அது நல்ல பாகம் ஆகிவிடாது. கெடு வைப்பதற்கு முன்னால் மாற்றுப் பாகம் உண்மையில் எத்தனை மணி நேரம் ஓடி நிரூபித்திருக்கிறது என்று கேட்டாக வேண்டும். டர்பைன் பிளேடு விஷயத்தில் மாற்று, பல பத்தாண்டுகளாக டர்பைன்களில் பழகிய நிக்கல் கலவை. அதனால்தான் அங்கே கட்டாயப்படுத்துவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

சரி, கெடு வைத்துக் கட்டாயமாக மாற்ற வைக்கும் வழிக்கு வருவோம். இதன் பலம் பொறியியலில் இல்லை, பேரம் பேசுவதில் இருக்கிறது. நல்ல இன்ஜின்கள் அப்போது குறைவாகத்தான் வந்துகொண்டிருந்தன. தயாரிப்பாளருக்கு அந்த இன்ஜினைத் தொழிற்சாலையில் காத்திருக்கும் புது விமானத்தில் மாட்டினால் விற்பனை கணக்காகும், பழைய விமானத்துக்கு மாற்றாகக் கொடுத்தால் செலவு கணக்காகும். விமான நிறுவனத்துக்கும் வளர வேண்டும், புது விமானங்கள் வர வேண்டும். இரண்டு பேரின் ஆசையும் ஒரே பக்கம் இழுக்கும்போது பழைய விமானத்துக்காகப் பேச கட்டுப்பாட்டு அமைப்பைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? 2019 நவம்பர் 25 அன்று டிஜிசிஏ போட்ட கூடுதல் உத்தரவு இந்த முடிச்சைச் சரியாகப் பிடித்தது. இண்டிகோ ஒரு புது நியோ விமானத்தைச் சேர்த்தால், பழைய இன்ஜின் உள்ள ஒரு விமானத்தைத் தரையில் நிறுத்த வேண்டும் என்றது. இந்த ஒற்றை வரி, நல்ல இன்ஜின்களைப் புது விமானங்களுக்கே அனுப்பிக்கொண்டிருப்பதால் கிடைக்கும் லாபத்தை இல்லாமல் செய்துவிட்டது. மொத்த விவகாரத்திலும் எனக்கு மிகப் பிடித்த முடிவு இதுதான், செய்தித்தாள்களில் இதற்குக் கிடைத்த இடமோ ரொம்பக் குறைவு.

பலவீனம் எங்கே என்றால், கெடுவை நீட்டிப்பதில். 2020 ஜனவரியில் கணக்குப் பார்த்தபோது இன்னும் 135 இன்ஜின்கள் மாற்ற வேண்டியிருந்தது, கெடு மே 31 ஆனது. பிறகு கொரோனா வந்து மார்ச் 25 முதல் இரண்டு மாதம் உள்நாட்டு விமானங்களே ஓடவில்லை, கெடு ஆகஸ்ட் 31க்குப் போனது. கொரோனாவுக்கு நீட்டித்ததை யாரும் குறை சொல்ல முடியாது, நிறுத்தி வைத்த விமானம் யாருக்கும் ஆபத்து இல்லை. ஆனால் ஜனவரியில் கொடுத்த நான்கு மாதம் எனக்கு இன்னும் உறுத்தலாகத்தான் இருக்கிறது. மாற்றாத விமானம் பறக்காது என்று எழுதிவிட்டுத் தேதியைத் தள்ளினால், அடுத்த முறை வைக்கும் கெடுவை யார் மதிப்பார்கள்? பாகம் கிடைக்காதது உண்மையான சிரமம்தான், மறுக்கவில்லை. அப்படியானால் தேதியைத் தள்ளுவதற்கு விலை வைத்திருக்கலாம். எடுத்துக்காட்டாக, நீட்டிப்பு வேண்டுமானால் இரண்டு பழைய இன்ஜின் உள்ள ஒரு விமானம்கூட அன்றிலிருந்து பறக்கக் கூடாது, பழைய இன்ஜினின் மணி நேர வரம்பு 2,900இலிருந்து கீழே இறங்கும் என்று.

இன்னொரு பக்கமும் உண்டு, பணம். கோஏர், பிறகு கோ ஃபர்ஸ்ட் என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம், 2023 மே 2 அன்று திவால் மனு கொடுத்தது. தங்கள் ஏ320 நியோக்களில் ஏறத்தாழ பாதி, 25 விமானங்கள், பிராட் அண்ட் விட்னி இன்ஜின் கிடைக்காமல் நிற்கின்றன என்று சொன்னது. இன்ஜின் நிறுவனம் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தது. யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்பது தனிக் கதை, ஆனால் ஊழியர்கள் வேலை இழந்ததும் டிக்கெட் எடுத்தவர்கள் பணத்துக்கு அலைந்ததும் கண்முன் நடந்தது. 2025 ஜனவரியில் நிறுவனத்தைக் கலைத்துவிடச் சொல்லி தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. பாதுகாப்புக்காகக் கேட்கும் ஒவ்வொரு மாற்றத்தின் விலையையும் யாரோ கொடுக்கிறார்கள். குறை செய்தவர் தயாரிப்பாளர், ஆனால் விமானம் நிற்பதால் முதலில் மூச்சு முட்டுவது விமான நிறுவனத்துக்கு. வாங்கும்போதே மாற்று இன்ஜின் இருப்புக்கும், நின்ற நாளுக்கு நஷ்ட ஈட்டுக்கும் ஒப்பந்தத்தில் கறாராக எழுதி வாங்காத சின்ன நிறுவனம் இந்த அடியைத் தாங்காது. இண்டிகோ தாங்கியது அளவால். 2019 ஜூனிலேயே அடுத்த 280 நியோக்களுக்கு சிஎஃப்எம் நிறுவனத்தின் லீப் இன்ஜினைத் தேர்ந்தெடுத்திருந்தது. முட்டையை எல்லாம் ஒரே கூடையில் வைக்காமல் இருக்க, அவ்வளவு பெரிய ஆர்டர் கொடுக்கக்கூடிய நிறுவனத்தால்தான் முடியும்.

இதற்கு மேல் 2023 ஜூலையில் வந்தது இந்த இன்ஜின் குடும்பத்தின் மிகப் பெரிய சிக்கல். 2015 கடைசியிலிருந்து 2021 செப்டம்பர் வரை, டிஸ்க் செய்யப் பயன்படுத்திய உலோகப் பொடியில் மாசு கலந்திருந்தது என்று பிராட் அண்ட் விட்னியின் தாய் நிறுவனம் ஆர்டிஎக்ஸ் அறிவித்தது. மாசு துகள் இருக்கும் இடத்தில் காலப்போக்கில் விரிசல் தொடங்கும். முதலில் சுமார் 1,200 இன்ஜின்களைக் கழற்றிச் சோதிக்க வேண்டும் என்றார்கள், செப்டம்பரில் மேலும் 600 முதல் 700 வரை பணிமனைக்கு வர வேண்டும் என்றார்கள். 2024 முதல் 2026 வரை உலகம் முழுவதும் சராசரியாக 350 விமானங்கள் நின்றுகொண்டிருக்கும் என்றும், ஒரு இன்ஜின் பணிமனைக்குப் போய்வர 250 முதல் 300 நாள் ஆகலாம் என்றும் அவர்களே கணக்குச் சொன்னார்கள். இங்கே குறை டிஸ்கில். வெளியிலிருந்து கேமரா விட்டுப் பார்த்தால் தெரியாது, இன்ஜினைப் பிரித்து அல்ட்ராசவுண்டு வைத்துத்தான் உள்ளே பார்க்க வேண்டும். அதனால் யாரும் ஓட்டும் விதத்தை மாற்றிச் சமாளிக்கலாம் என்றோ, விமான நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும் என்றோ பேசவில்லை, எஃப்ஏஏவின் ஆணை ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. சவுத்வெஸ்டுக்குப் பிறகு அவர்களும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஆக என் தேர்வு இப்படி. குறை டிஸ்கில் என்றால், சந்தேகத்துக்குரிய டிஸ்க் உள்ள இன்ஜின் ஆணை சொன்ன சைக்கிளைத் தாண்டி ஒரு முறைகூடப் பறக்கக் கூடாது, எத்தனை விமானம் நின்றாலும் சரி. குறை பிளேடில், விரிசல் மெதுவாக வளர்வது, எட்டிப் பார்க்க முடிவது என்றால் கட்டாயச் சோதனை போதும், ஆனால் அது சட்டமாக இருக்க வேண்டும், புல்லட்டினாக அல்ல. சிக்கல் ஒரு சின்ன வரிசை எண்ணுக்குள் அடங்கினால் அன்றைக்கே நிறுத்திவிடலாம். 2019இல் இண்டிகோவுக்கு இருந்த மாதிரி, முன்னறிவிப்பு இல்லாமல் முறியும் பிளேடு, நூற்றுக்கு அருகில் விமானங்கள், நம்பகமான மாற்று, ஆனால் போதாத கையிருப்பு என்ற நிலை என்றால் முதல் பதினைந்து நாளில் பிரித்து மாட்ட வேண்டும், அதிக நேரம் ஓடியவை முதலில். அப்புறம் மொத்தத்துக்கும் கெடு. புது விமானம் வந்தால் பழையது நிற்க வேண்டும் என்ற நிபந்தனையை நவம்பர் கடைசி வரை காத்திருக்காமல் முதல் உத்தரவிலேயே சேர்த்திருக்கலாம், அது ஒன்றுதான் தாமதமாக வந்தது. கூடவே, எத்தனை விமானத்தில் இன்னும் இரண்டும் பழசு, எத்தனையில் ஒன்று பழசு என்ற இரண்டு எண்களை ஒவ்வொரு மாதமும் டிஜிசிஏ தன் இணையதளத்தில் போட வேண்டும் என்பேன். டிக்கெட் எடுப்பவர்கள் கேட்பது அதிகமில்லை, முதல் எண் பூஜ்யம் ஆன தேதி எது என்று தெரிந்தால் போதும்.